சலூனுக்குள் வந்து சேர்ந்த தொமேஜி

ஜப்பானின் அகிதா மலையடிவாரத்து அந்த ஊரில் பள்ளிக்கூடத்தை மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. மிச்சம் இருந்ததெல்லாம் கிழடுகள்தான். அந்தக் கிழடுகளை எப்படிக் காப்பாற்றுவது என்று பேச டவுன் ஆபீஸ் கூட்டம் போட்டபோது, மேடையில் இருந்தவர்களில் ஒருவருக்குக்கூட முடி நரைக்கவில்லை. எழுபத்தொன்பது வயது ஹிசானோ முன்வரிசையில் உட்கார்ந்து அவர்கள் தலைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வருஷம் சலூன் நடத்தியவள். தலையைப் பார்த்தே ஆளை எடை போடுவாள். நலத்துறை அதிகாரி நரிதாவின் தலையில் பூசியிருந்த ஜெல்லைத் தவிர வேறொன்றும் இல்லை என்று முடிவுகட்டினாள்.

நரிதா ஒரு மின்சாரக் கெட்டிலைத் தூக்கிக் காட்டினான். தனியாக இருக்கும் எல்லோருக்கும் ஒன்று இலவசம். காலையில் டீக்கு வெந்நீர் போடாவிட்டால், வெளியூரில் இருக்கும் சொந்தக்காரரின் போனுக்குச் செய்தி போய்விடும்.

"பாட்டிம்மா, பட்டன அமுக்குனா போதும். அமுக்கத் தெரியுமில்ல?" என்று ஹிசானோவிடம் குனிந்து, மழலைக்குச் சொல்வதுபோல் சொன்னான்.

"யாருக்குப் பாட்டி? உங்கப்பன் தலையில பேன் எடுத்தவ நான். சரி, சேதி போயி என்ன ஆகும்? யோகோஹாமாவுலருந்து எம்மகன் பறந்து வந்து என்னத் தூக்குவானா?"

நரிதா சிரித்துச் சமாளித்தான். இலவசக் கெட்டிலுக்குக் கூட்டம் கைதட்டியது. பலமாகத் தட்டியது பக்கத்து வீட்டுத் தொமேஜி. பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற எண்பத்து மூன்று வயதுக் கட்டைப் பிரம்மச்சாரி. இலவசம் என்றால் விஷத்துக்கும் கை நீட்டுவான் என்று அவன்மேல் ஹிசானோவுக்கு எப்போதுமே இளக்காரம்.

ஜனவரியில் ஒருநாள் தொமேஜி வீட்டு வாசலில் பனி தள்ளாமல் கிடந்தது. ஹிசானோ கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. கையிலிருந்த மண்வாரியாலேயே குளியலறை ஜன்னலை உடைத்து எட்டிப் பார்த்தாள். இடுப்பெலும்பு முறிந்து, உதடு நீலம் பாரித்துத் தரையில் கிடந்தான். விழுந்தது முந்தின நாள். கெட்டில் தன் வேலையைச் செய்துதான் இருந்தது. ஒசாகாவில் இருக்கும் அவன் அண்ணன் மகன், வந்த செய்தியை ஏதோ விளம்பரம் என்று அழித்துவிட்டான்.

ஆஸ்பத்திரி எலும்பை ஒட்டவைத்து அனுப்பிவிட்டது. முதியோர் இல்லத்தில் இடமில்லை, காத்திருக்கச் சொன்னார்கள்.

"உள்ள யாராச்சும் செத்தாத்தானாம் எனக்கு எடம்" என்று தொமேஜி மூக்கை உறிஞ்சினான்.

"அவங்களுக்கு முன்னாடி நீ போய்ருவ. அழாம வா" என்று, மூடிக்கிடந்த சலூனுக்குள் அவனுக்குக் கட்டில் போட்டாள் ஹிசானோ. அங்கே வெந்நீர்க் குழாய் இருந்தது. சாய்கிற நாற்காலி இருந்தது. தலைகுளிப்பாட்ட அதைவிட வேறென்ன வேண்டும்? கொஞ்ச நாளில், அதே ஊரில் தனியாக இருந்த, கண்பார்வை மங்கிய கிழவி கியோ தன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். கண் மங்கினாலும் கை மங்கவில்லை. மூன்று பேருக்கும் சோயா விழுது கரைத்த மிசோ சூப் அவள்தான் வைத்தாள். வீடுவீடாகப் பனியில் கார் ஓட்டி அலுத்திருந்த நர்ஸம்மாவுக்கு ஒரே இடத்தில் வேலை முடிந்தது.

நரிதா வந்து எட்டிப் பார்த்தான். "ரத்த சம்பந்தம் இல்லாதவங்க இப்படி ஒண்ணா இருக்க விதிமுறையில வழியில்லைங்களே."

"அப்ப தொமேஜிய உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. ராத்திரிக்கு மூணு தடவ எழுந்திரிப்பாரு, சொல்லிட்டேன்."

போனவன் பனி உருகும்வரை திரும்பவில்லை. வசந்தத்தில் டிவிக்காரர்களோடு வந்தான். இப்போது அந்தச் சலூன் ஏற்பாட்டுக்கு 'எங்கள் டவுனின் முன்மாதிரித் திட்டம்' என்று பெயர் வைத்திருந்தான். தொமேஜியின் தோளில் கை போட்டுக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தான்.

"எல்லாம் டவுன் ஆபீஸ் தயவுங்க" என்றான் தொமேஜி, பல்செட்டைக் காட்டி.

ஹிசானோவுக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. அந்த நேரம் பார்த்து மைக்கை நீட்டினாள் ஒரு பெண். "முதியவங்கள எப்படிப் பாத்துக்கணும்னு நாட்டுக்கு என்னம்மா சொல்ல விரும்புறீங்க?"

"வழிய விட்டு நில்லுங்கன்னு சொல்ல விரும்புறேன். வெந்நீர் ஆறுது."

டிவியில் அது வந்த சாயங்காலம் மகன் போன் செய்தான். புத்தாண்டுக்குக்கூடப் பேசாதவன். "என்னம்மா, கொஞ்சம் சிரிச்சாப்ல நின்னிருக்கக் கூடாதா? ஆபீஸ்ல எல்லாரும் பாத்தாங்க." அவள் போனை வைத்துவிட்டுத் தொமேஜியின் பக்கம் திரும்பினாள்.

"யோவ் பஸ்காரா, டவுன் ஆபீஸா உன் பீத்துணிய அலசுச்சு?"

"கோவிச்சுக்காத ஹிசானோ. நாலு வார்த்த நல்லதாச் சொன்னா ஒரு ஹீட்டர் கீட்டர் குடுப்பானேன்னு பாத்தேன்."

"த்தூ" என்றாள். பிறகு நாற்காலியைச் சாய்த்து, அவன் கழுத்துக்குக் கீழே துண்டை மடித்து வைத்து, தலையில் தண்ணீரை ஊற்றினாள். வேண்டுமென்றே கொஞ்சம் சூடாகவே.