இருபத்தொன்பதாம் நோன்பில் அடித்த மணி

கடிகாரம் பழுது பார்க்கிறவன் பொறுமைசாலி என்று சொன்னவர்கள் அப்துல் ஹமீதாகிய என்னைப் பார்த்ததில்லை. எனக்குக் கோபம் மூக்குமேல் இருக்கும். 1910-ஆம் வருஷத்து ரமலானில் அதுதான் என் மானத்தை வாங்கியது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டு மச்சில் கம்பியில்லாத் தந்திப் பெட்டி ஒன்றை நானே செய்து வைத்திருந்தேன். இரும்புத்தூள் அடைத்த கண்ணாடிக் குழாய், ஒரு மணி, மூங்கில் உச்சியிலிருந்து இறங்கும் செம்புக்கம்பி, அவ்வளவுதான். ஏழு மைல் தள்ளி ராஜபாளையத்தில் என் மச்சினன் அய்யூப் தன் பெட்டியில் அமுக்கினால் இங்கே மணி அடிக்கும். அவனிடம் இருந்தது நாலே பாட்டரி. வலு குறைவானதால் மணி காலையில் வரும், உச்சி வெயிலில் வராது, பொழுது சாய்ந்தால் மறுபடி வரும். தினமும் நோட்டில் எழுதினேன். ஒரே சனியன் மின்னல். மலையில் மின்னினாலும் அதே மணி அடித்துத் தொலைக்கும். அதனால் மேற்கு ஜன்னலைத் திறந்துவைத்தே உட்காருவேன். மின்னலோடு வந்த மணியைக் கணக்கில் சேர்க்காமல் கழித்துவிடுவேன்.

என் மனைவி மைமூனுக்கு அப்போது ஆறு மாசம். முந்தி இரண்டு பிள்ளை தங்கவில்லை. இந்தப் பிள்ளைக்காக மாசம் முழுக்க நோன்பு வைப்பதாக நேர்ந்துகொண்டாள். பிள்ளைத்தாய்ச்சிக்கு நோன்பு கட்டாயமில்லை என்று பள்ளிவாசல் லெப்பை சேக் முகைதீனே சொல்லிப் பார்த்தார். கேட்டால்தானே! கடைசி இரண்டு நாளும் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். இன்னொரு நாள் தாங்குவாளா? பிறை தெரிந்தால் நாளை பெருநாள், அவள் பிழைத்தாள். தெரியாவிட்டால் முப்பதாவது நோன்பு.

இருபத்தொன்பதாம் நோன்பான அன்று எங்கள் ஊரில் மேற்கே ஒரே மேகம். தந்தியாபீசும் பூட்டியாகிவிட்டது. ராஜபாளையத்தில் பிறை கண்டால் அய்யூப் மூன்று முறை மணி அடிப்பதாகப் பேச்சு. என் பெட்டியைச் சாட்சியாக ஏற்க லெப்பையைச் சம்மதிக்க வைக்க நான் ஒரு வாரம் சண்டை போட்டிருந்தேன்.

நோன்பு திறந்ததும் தெருவில் கூட்டம் கூடிவிட்டது. வந்ததா, வந்ததா என்று கீழேயிருந்து ஒரே இரைச்சல். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. மேற்கு ஜன்னலை அறைந்து சாத்தினேன்.

செத்த நேரத்தில் மணி அடித்தது. ஒன்று. கொஞ்சம் விட்டு இரண்டு. மூன்று.

படியில் உருண்டு விழாத குறையாக இறங்கினேன். தெருவே ஆர்ப்பரித்தது. லெப்பை மட்டும் கையை உயர்த்தி, மின்னலைப் பார்த்தாயா என்று கேட்டார். அப்போதுதான் சாத்திய ஜன்னல் நினைவு வந்தது. பார்த்தேன், மின்னவில்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அல்லா சத்தியமாக வந்தது. பார்க்கவில்லை என்றேன்.

லெப்பை கூட்டத்தின் பக்கம் திரும்பினார். அத்தனை பேரும் மேற்கேதான் பார்த்துக்கொண்டு நின்றவர்கள். மணி அடித்தபோது மின்னியதா? ஒருவர் பின் ஒருவராக இல்லை என்றார்கள். சிலர் தரையைப் பார்த்துச் சொன்னார்கள். எனக்கு உயிர் வந்தது.

கதவுக்குப் பின்னாலிருந்து மைமூனின் குரல் கேட்டது.

"மின்னுச்சு. மணி அடிச்ச மூணு தடவையும் மின்னுச்சு. கொல்லைல நின்னு பாத்தேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஏட்டி, உள்ள போ!" என்று கத்தினேன். அவள் போகவில்லை.

"நேந்த நோம்பக் குறைச்சு எம்புள்ளயக் காப்பாத்த வேணாம்."

லெப்பை தாடியைத் தடவிக்கொண்டே கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

"இம்புட்டுப் பேர்லயும் நாளைக்குச் சாப்பிட்டே ஆவ வேண்டியவ அந்தப் புள்ள ஒருத்திதான். அவளே மின்னுச்சுங்கா. நாளைக்கும் நோம்பு. போங்கப்பா."

மின்னவில்லை என்று சொன்னவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கலைந்தார்கள். உள்ளே போனேன். மைமூன் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு விடியுமுன் உண்ணும் சஹருக்கு அரிசி அளந்துகொண்டிருந்தாள்.