முத்தல் இலை

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் மாணிக்கராஜ் கங்காணியாக இருந்த ஏழு வருசத்தில், கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவர் அதிகம் ஏசியது தன் மனைவி அகஸ்டினாவைத்தான். பொண்டாட்டிக்குச் சலுகை காட்டுகிறார் என்று ஒருத்தரும் சொல்லிவிடக் கூடாது. அதில் அவருக்கு அப்படியொரு பிடிவாதம்.

ஆரம்பத்தில் ஏச இடமே இருந்ததில்லை. கொழுந்து எடுப்பதில் அவள் கை அவ்வளவு சுத்தம். இரண்டு வருசத்துக்கு முன் ஒரு மழைக்காலத்தில்தான் அவள் பையில், எடுக்கக் கூடாத முத்தல் இலை வரத் தொடங்கியது.

“மூட்டமா இருந்தா கொழுந்தும் முத்தலும் ஒன்னாட்டம் தெரியுதுங்க கங்காணி,” என்றாள் ஒரு நாள். மலையில் அவளும் அவரைக் கங்காணி என்றுதான் கூப்பிடுவாள்.

“கத பேசிக்கிட்டே எடுத்தா அப்பிடித்தான் தெரியும்.”

எல்லாப் பெண்களுக்கும் முன்னால் அவள் பையைத் தரையில் விரித்த படங்கில் கொட்டினார். அகஸ்டினா குனிந்து உட்கார்ந்து, ஒவ்வோர் இலையையும் விரலால் தடவித் தடவிப் பிரித்தாள். கண்ணால் பார்க்காமல் ஏன் தடவுகிறாள் என்று அவருக்கு ஒரு கணம் தோன்றியது. வீம்புக்குச் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

அவளுக்கு அப்போதே சீனி வியாதி வந்து நாலு வருசம் ஆகியிருந்தது. அந்தச் சமயத்தில் டவுனில் ஒரு கண்ணாடிக் கடையில் காட்டியபோது, பலகையிலிருந்த கறுப்பு எழுத்துகளைக் கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டாள். கண்ணில் குறையில்லை என்று அனுப்பினார்கள். அதற்குப் பிறகு மாணிக்கராஜின் ஏச்சு இன்னும் கூடிப்போனது.

இந்த மார்ச்சில், சீனி உள்ளவர்களுக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் கண் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவளைக் கூட்டிப்போனார். டொக்டர் ஜிப்னா வேறொரு பலகையைக் காட்டினார். அதில் எழுத்தெல்லாம் ஒரே அளவு. ஆனால் போகப்போக நிறம் வெளிறிச் சாம்பலாகிக்கொண்டே போனது. அகஸ்டினா மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டாள். பின்னால் காத்திருந்தவர்களோடு உட்கார்ந்திருந்த மாணிக்கராஜுக்கு ஆறாவது வரி தெரிந்தது.

அப்புறம் ஒரு மெஷினில் தாடையை வைக்கச் சொல்லி, கண்ணின் உட்புறத்தைப் படம் எடுத்தார்கள்.

“ரத்தக் கசிவு ஒன்னும் இல்ல,” என்றார் டொக்டர். “ஆனா கண்ணுக்குள்ள இருக்கிற நரம்புப் படலம் மெலிஞ்சிருக்கு. சீனி உள்ள சில பேருக்கு ரத்தக் குழாய்க்கு முந்தி நரம்புதான் பாதிக்கும். கறுப்பு எழுத்து நல்லாத் தெரியும். வெளிச்சம் கொறஞ்சா ஒரு பச்சைக்கும் மத்தப் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது. எப்ப இருந்து இப்படி இருக்கு?”

“இப்பத்தாங்க. ஒரு மாசமா,” என்றாள் அகஸ்டினா சட்டென்று.

டொக்டர் எழுதக் குனிந்தபோது மாணிக்கராஜ் குறுக்கிட்டார்.

“இல்லீங்க டொக்டர். ரெண்டு வருசம். எங்கிட்டச் சொன்னா. நாந்தான் கேக்கல. ஏசிட்டேன்.”

“போனது திரும்பாது,” என்றார் டொக்டர் மெதுவாக. “சீனியக் கட்டுப்பாட்டுல வச்சா இருக்கிறதக் காப்பாத்தப் பார்க்கலாம்.”

“அப்பவே வந்திருந்தா?”

“நிச்சயமாச் சொல்ல ஏலாது. கூடக் கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம்.”

திரும்பும் பஸ்ஸில் மாணிக்கராஜ் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எதுக்கு ஒரு மாசம்னு சொன்ன?” என்று கேட்டார்.

அவள் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: “நாலு பேரு முன்னால தல குனிஞ்சு நிக்கிறது எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும். உங்களுக்கு அது வேணாம்னுதான்.”



மறுநாள் காலை எல்லாரும் கூடும் பெரட்டில், வேலை பிரிக்கும் முன், நடந்ததை மறைக்காமல் பெண்களிடம் சொன்னார். சீனி உள்ளவர்கள், கண் மங்குகிறது என்றால் தன்னிடம் சொல்லப் பயப்பட வேண்டாம் என்றார். அந்த வாரமே மூன்று பேர் பதுளைக்குப் போனார்கள்.

அவர் பேசிய அன்று அகஸ்டினா பெரட்டுக்கு வரவில்லை. அந்திக்கு லயத்து வீட்டில் அவளே பேச்சை எடுத்தாள்.

“பெரட்டுல பேசினீங்களாமே. சொன்னாங்க.”

“ம்.”

“நல்லதுதான்,” என்றாள். பிறகு கோபமே இல்லாமல், “அன்னைக்கு நான் இலையத் தடவினப்ப, ஏன்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ங்க,” என்றாள்.