முன்னே போன இடது கை

டைல்ஸ் பதிக்கிறவரின் இடது கை அவருக்கு ஒரு வாரம் முன்பே ஊருக்குப் போய்விட்டது. மணிக்கட்டு வரைக்கும்தான் போனது. மீதி ஆள் வெளிநாட்டிலேயே, நாலு பேர் தங்கும் அறையில், கட்டிலோரம் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தார். நம்பாதவர்கள் அங்குள்ள விமான நிலையத்தில் போய்க் கேட்டுக்கொள்ளலாம், கணினியில் பதிவாகியிருக்கிறது.

எல்லாம் ஒரு கத்தரிக்கோலில் ஆரம்பித்தது. பாஸ்போர்ட்டின் காலம் முடிந்து, புதியது வாங்கத் தூதரகத்துக்குப் போயிருந்தார். கவுண்டரில் இருந்தவர் புதியதைக் கொடுத்துவிட்டு, பழையதை எடுத்து, பீன்ஸ் காம்பு கிள்ளுகிற அலட்சியத்தோடு அதன் மூலையைக் கத்தரித்துத் திருப்பிக் கொடுத்தார். இனி அது செல்லாது என்பதற்கு அடையாளம் அதுதான். ஆனால் வேலை விசா அந்தச் செல்லாத புத்தகத்துக்குள்தான் ஒட்டியிருந்தது. ஆள் ஒரு புத்தகத்தில், அனுமதி இன்னொரு புத்தகத்தில் என்று ஆனதும் நடுவில் ஓர் இடைவெளி விழுந்தது. அன்று சாயங்காலமே அது அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில், சுவர்கள் கூடும் மூலையில் தெரிந்தது. கத்தரித்த அதே முக்கோணம், கொஞ்சம் பெரிய அளவில். தொழில் புத்தி விடுமா, முதலில் மூலைமட்டத்தை எடுத்து வைத்துச் சரிபார்த்தார். பிறகுதான் குனிந்து உள்ளே பார்த்தார். அந்தப் பக்கம் ஊரில் இருக்கும் அவர் வீட்டுச் சமையலறை, கேஸ் சிலிண்டர், பக்கத்தில் அவர் மனைவியின் கால்.

அந்தக் கட்டிடத்தில் இது பெரிய அதிசயமும் இல்லை. மேல்மாடி வெல்டருக்கு விசா புதுப்பித்து வரும் வரை நிழலே விழவில்லை, அவரும் அதைப் பொருட்படுத்தாமல் வேலைக்குப் போய் வந்தார். அறையில் கூடத் தங்கியிருந்த லிப்ட் மெக்கானிக் மட்டும், துணி மாற்றும்போது மூலையில் ஒரு துண்டைத் தொங்கவிடச் சொன்னார். அதற்குள் டைல்ஸ்காரரின் மனைவி ஒற்றைக் கண்ணை வைத்து அறையை முழுசாக ஆராய்ந்து முடித்திருந்தார்.

"தனி ரூம்னு சொன்னீங்களே?"

"தனிக் கட்டில்னு சொன்னேன், உனக்குச் சரியாக் கேட்டிருக்காது" என்று சமாளித்தார். அந்தச் சமாளிப்பு எடுபடவில்லை.

மூலையில் ஆள் நுழைய முடியாது. ஒரு கை போகும், அதுவும் மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே வரைக்கும்தான். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. அவர் வெளிநாடு கிளம்பியபோது மகளுக்குத் தலை நிற்கவில்லை. இப்போது நாலு வயது நடக்கிறது. நடுவில் லீவு கேட்கும்போதெல்லாம் இந்தக் கட்டிடம் முடியட்டும் என்றார்கள், அது முடிவதற்குள் அடுத்ததற்கு அஸ்திவாரம் போட்டார்கள். மகளுக்கு அவர் போன் அப்பா. போன் அப்பா நாலு வார்த்தை பேசுவதற்குள் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டு விளையாடப் போய்விடுவாள். ஒருநாள் நேரில் போய் நின்றால் தன்னை யாரோ எவரோ என்று பார்த்துவிடுவாளோ என்ற பயம் மட்டும் அவரை அரித்துக்கொண்டே இருந்தது. மற்றபடி சந்தோஷமான மனுஷன், சாரத்தின் மேல் நின்றுகூடப் பாட்டுப் பாடுவார்.

ஆனால் கையை அவளுக்குப் பிடித்துப் போயிற்று. முதல் நாள் தூரத்தில் நின்று பார்த்தாள். மறுநாள் துடைப்பக் குச்சியால் குத்தினாள். அதற்கப்புறம் நகத்துக்குச் சாயம் பூசுவதும் வளையல் மாட்டுவதும் பிஸ்கட் ஊட்ட முயல்வதுமாகக் கை ஒரு நிமிஷம் ஓய்வில்லாமல் ஆனது. விடுமுறை நாட்களில் மதியம் அவள் சிலிண்டருக்குப் பக்கத்தில் பாயை இழுத்துப் போட்டுப் படுப்பாள். டைல்ஸுக்கு அடியில் கலவை சரியாக நிறைந்திருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பதைப் போல, அதே பதத்தில், கை அவள் முதுகில் தட்டும். அவள் தூங்கிவிடுவாள். இந்தப் பக்கம் அவர் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு, ஊரிலேயே இருப்பவர்களுக்கெல்லாம் இது தினமும் கிடைக்கிறதே என்று பொறாமைப்படுவார்.

இதனால் விசாவை மாற்றும் வேலையை இழுத்தடித்தார். விசா புதிய பாஸ்போர்ட்டுக்குப் போனால் இடைவெளி மூடிக்கொள்ளும் என்பது யோசிக்காமலே புரிகிற விஷயம். கம்பெனியில் விசா வேலைகளைப் பார்க்கும் அக்கா போன் மேல் போன் போட்டார். கெடு தாண்டினால் வேலையும் செய்ய முடியாது, ஊருக்குப் போனால் திரும்பவும் முடியாது என்று எச்சரித்தார். இவர் போட்டோ எடுக்கவில்லை என்பார், எடுத்த போட்டோ நன்றாக இல்லை என்பார், கண் வலி என்பார். கடைசியில் மனைவிதான் மூலையில் குனிந்து, கையை ஒரு தட்டு தட்டி விஷயத்துக்கு வந்தார்.

"கை மட்டும் போதும்னா நான் கையையே கட்டியிருப்பேனே. எனக்கு முழு ஆளும் வேணும். நாளைக்கே குடுங்க."

மறுநாளே இரண்டு பாஸ்போர்ட்டையும் கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தார். முதல் போட்டோவில் காது தெரியவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவதில் சிரித்திருந்தார், அதுவும் ஆகாது என்றார்கள். மூன்றாவதில் மகளைப் பிரியப்போகிற முகத்தோடு இருந்ததால் அது தேறியது.

விசா வந்தது ஒரு விடுமுறை நாள் மதியம். அவர் மகளைத் தட்டித் தூங்க வைத்துக்கொண்டிருந்தார். தலையணைக்கு அடியில் போன் ஒலித்தது, மாற்றம் அனுமதிக்கப்பட்டது என்று அக்காவிடமிருந்து செய்தி. அவர் அதைப் படித்து முடிப்பதற்குள் மூலை, சத்தம் போடாமல், பழைய மூலையாக ஆகிவிட்டது. கை அந்தப் பக்கம் நின்றுவிட்டது. ரத்தம் இல்லை, வலி இல்லை. மணிக்கட்டு, கட்டரில் அறுத்த நல்ல டைல்ஸ் போல மழமழவென்றிருந்தது. லிப்ட் மெக்கானிக் தடவிப் பார்த்துவிட்டு, வேலை சுத்தமாகச் செய்திருக்கிறார்கள் என்று பாராட்டினார்.

ஒற்றைக் கையோடு யாரையும் வேலை செய்யவிடக் கூடாது என்று பாதுகாப்பு விதி இருந்ததால், இத்தனை வருஷம் கிடைக்காத லீவை மேஸ்திரி நின்ற நிலையில் கொடுத்தார். டிக்கெட் கிடைக்க ஒரு வாரம் ஆனது. அந்த வாரம் முழுவதும் மனைவியிடமிருந்து புகார் வந்தபடி இருந்தது. உங்க கை சும்மா இருக்க மாட்டேங்குது, சமையலறைத் தரை முழுக்கத் தட்டிப் பார்த்து, உள்ளே காலியா இருக்கிற டைல்ஸ் மேலெல்லாம் ஒவ்வொரு கரண்டி வைக்குது, குளியலறையில தண்ணி போற வாட்டம் சரியில்லைன்னு என்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுது என்றார். இவருக்கு இங்கே ஒன்றும் தெரியாது. ஆனால் திடீர் திடீரென்று காரணமில்லாமல் சிரித்தார். மகள் உள்ளங்கையில் கிச்சுகிச்சு மூட்டுகிற நேரம் அது.

விமான நிலையத்தில் இடது கை விரல்களை இயந்திரத்தில் வைக்கச் சொன்னார்கள். வீட்டில் இருக்கிறது என்றார். அதிகாரி முகத்தைச் சுருக்காமல் கணினியில் தேடினார். விசா மாறிய பிறகே கை நாட்டை விட்டுப் போயிருப்பதாகப் பதிவாகியிருந்தது. ஒரு நொடி முன்னால் போயிருந்தால் வழக்காகியிருக்கும், அதிர்ஷ்டக்காரர் என்று சொல்லி, மீதி ஆளுக்கு முத்திரை குத்தி அனுப்பினார்.

வீட்டு வாசலில் அவர் பெட்டியை வைத்தபோது, பயந்தபடியேதான் நடந்தது. மகள் அந்தக் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அம்மாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்தாள். அவர் மண்டி போட்டு, "அம்மாடி, அப்பா வந்திருக்கேன்டா" என்றார். குரல் அவளுக்குத் தெரிந்த குரல். சிவப்புப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று அவரை மேலும் கீழும் பார்த்தாள். சாரத்தின் மேல் பாடுகிற மனுஷனுக்குக் கண் நிறைந்துவிட்டது. மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தார், அதற்குள் கை மகளின் பிடியிலிருந்து நழுவித் தரையில் இறங்கி, அவளுடைய ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டு, நண்டு மாதிரி மெதுவாக வாசலை நோக்கி இழுத்தது. அவள் அவரைப் பார்க்காமல் கையைப் பார்த்துக்கொண்டே கூட நடந்தாள். அவருக்கு முன்னால் வந்ததும் நின்று, குனிந்து, கையிடம் ரகசியமாகக் கேட்டாள்.

"இவரு உன் ஆளா?"

கை கட்டை விரலை உயர்த்தியது.

"முழுசாவா?"

கட்டை விரல் இன்னும் விறைப்பாக நின்றது. அவள் அவருடைய பாதத்திலிருந்து தலை வரை ஒருமுறை அளந்து பார்த்தாள். இவ்வளவு இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"சரி, உள்ள வரச் சொல்லு" என்றாள்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, அவள் விரலைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். கை எந்த நேரத்தில் மணிக்கட்டோடு போய்ச் சேர்ந்தது என்பதை யாரும் கவனிக்கவில்லை.