ஒரு படி மேலே

ஏரம்பு நிவாரணச் சங்கத்தின் கந்தோர் வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றார். மேசையிலிருந்து குணலட்சுமி இரண்டு முறை கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

"எங்கடை குறிச்சியிலை ஒருத்தற்றை பேரும் இல்லையாம் பிள்ளை. போன மாதம் நீங்கள்தானே வந்து எழுதிக்கொண்டு போனியள்?"

அவள்தான் போயிருந்தாள். எண்பத்தேழாம் ஆண்டுச் சண்டையில் வீடு உடைந்தவர்களுக்குக் கூரைத் தகரம் கொடுக்கும் சங்கம் அது. புத்தூர் ஊருக்குள் ஏரம்புவின் குறிச்சியில், அந்த ஒரு பகுதியில் மட்டும், முப்பத்தொரு குடும்பங்களை எழுதி, கணினியில் ஊருக்கு ஒரு டிரெக்டரி, அதற்குள் குறிச்சிக்கு ஒன்று என்று அடுக்கித் தன் கையாலேயே ஏற்றியிருந்தாள். இப்போது திறந்து பார்த்தால் அந்தக் கோப்பு வெறுமையாகக் கிடந்தது.

யார், எந்தத் தேதியில், எதை மாற்றினாலும் பழைய பிரதியோடு சேர்த்துக் குறித்து வைக்கும் ஒரு நிரலை அவள் அந்தக் கணினியில் போட்டிருந்தாள். வரலாற்றைக் கேட்டாள். முப்பத்தொரு பெயர்களும் தைப்பொங்கல் அன்று அழிக்கப்பட்டிருந்தன. அழித்தவரின் பெயர்: குணா. அவள் கணினிக்குள் நுழையும் பெயர் அது.

அவளுடைய கடவுச்சொல் இன்னொருவருக்கு மட்டுமே தெரியும். பொறுப்பாளர் இராசநாயகம்.

அன்றே தலைமைக் கந்தோருக்குக் கடிதம் எழுதினாள். மூன்றாம் நாள் மன்னாரிலிருந்து சிமியோன் விசாரிக்க வந்தார்.

இராசநாயகம் காதுக்குள் கந்தோர்ப் பூட்டின் திறப்பை விட்டுக் குடைந்தபடியே கணினியின் முன் அமர்ந்தார். திறப்பை இடுப்பில் கட்டிய சாரத்தில் துடைத்துவிட்டு, அதே கையால் வரலாறு கேட்கும் கட்டளையைத் தட்டினார். மாற்றம் எதுவும் இல்லை என்று திரையில் வந்தது.

"பாருங்கோ. புத்தூரிலை ஒரு எழுத்தும் மாறேல்லை. பிள்ளை எங்கையோ குழம்பியிட்டுது."

"சேர், நீங்கள் நிக்கிறது புத்தூரிலை இல்லை. புத்தூருக்குள்ளை இருக்கிற கோயிலடிக் குறிச்சியின்ரை டிரெக்டரியிலை. உள்ளுக்கை நிண்டு கேட்டால் அது அந்த இடத்தை மட்டுந்தான் சொல்லும். ஒரு படி மேலை போங்கோ," என்றாள் குணலட்சுமி.

அவர் அசையவில்லை. அவளே குனிந்து இரண்டு புள்ளிகளைத் தட்டி மேலே போய், அதே கட்டளையைக் கொடுத்தாள். முப்பத்தொரு அழிப்புகள் வரிசையாக இறங்கின.

"இதிலை உங்கடை பேரெல்லோ கிடக்குது?" என்றார் சிமியோன்.

"அதைத்தான் நானும் சொல்லவேண்டாமெண்டு பார்த்தனான்," என்றார் இராசநாயகம், இரக்கப்படும் குரலில்.

அவள் இன்னும் ஒரு படி மேலே போனாள். இப்போது எல்லா ஊர்களும் வந்தன. அதே பொங்கலன்று, அடுத்த பத்து நிமிடத்தில், சண்டிலிப்பாயில் முப்பத்தொரு புதுப் பெயர்கள். முதலாவது பெயர் இராசநாயகத்தின் மைத்துனர் மார்க்கண்டு. அவருடைய வீட்டில் ஒரு ஓடுகூட உடையவில்லை.

"பொங்கலண்டு கந்தோர்த் திறப்பு ஆரிட்டை இருந்தது?" சிமியோன் கேட்டார்.

இராசநாயகம் கையிலிருந்த திறப்பைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"அந்தக் குறிச்சி ஆக்களுக்கு ஓலைக் கூரை போதும் ஐயா. தகரத்தைக் குடுத்துப்போட்டு நாளைக்கு அவையை எங்களோடை ஒரே வரிசையிலை நிப்பாட்டச் சொல்லுறியளோ?"

அதை அவர் ஒளிக்கவும் இல்லை, குரலைத் தாழ்த்தவும் இல்லை. வாசலில் ஏரம்பு நின்றிருந்தார்.

சிமியோன் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். "பேருகளைத் திரும்பப் போடுங்கோ பிள்ளை. புதுசா ஏத்தினதை எடுத்துவிடுங்கோ. இவரை இப்ப மாத்தினால் வேலை நிண்டுபோம். மற்றதை விடுவம்."

மற்றதை விடுவம் என்ற சொல் இராசநாயகத்தின் சிரிப்பைவிட அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் உட்கார்ந்து எல்லாவற்றையும் பொங்கலுக்கு முந்திய நிலைக்குத் திருப்பினாள். எழுந்தபோது இராசநாயகம் அவள் தோளைத் தட்டி, "கெட்டிக்காரி," என்றார். அவள் கிணற்றடிக்குப் போய்ச் சட்டையோடு தோளைத் தேய்த்துக் கழுவினாள்.

"தனி வரிசையெண்டாலும் பரவாயில்லை பிள்ளை, தகரம் கிடைச்சால் போதும்," என்றார் ஏரம்பு. அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

புதன்கிழமை தகரம் கொடுத்தார்கள். முற்றத்தில் இராசநாயகம் கயிறு கட்டி, ஏரம்புவின் குறிச்சிக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று என்று இரண்டு வரிசை பிரித்திருந்தார். குறிச்சி குறிச்சியாக அச்சடித்தால் அவருக்கு வசதி. குணலட்சுமி கணினியில் எல்லா ஊர்களுக்கும் மேலே நின்று, அகரவரிசையில், ஒரே பட்டியலாக அச்சடித்து வந்து, தானே உரத்து வாசித்தாள். புத்தூர், அச்சுவேலி, சண்டிலிப்பாய் எல்லாம் கலந்து வந்தன. கூப்பிட்ட வரிசையில் வந்து நிற்பதற்குக் கயிறு இடைஞ்சலாக இருந்ததால் சனமே அதை அவிழ்த்தது. இரண்டு பேர் ஏரம்புவின் பின்னால் நிற்க மாட்டோம் என்று தகரம் வாங்காமலே திரும்பிப் போனார்கள்.

கடைசிப் பெயரை வாசித்ததும் பட்டியலை இராசநாயகத்தின் மேசையில் வைத்தாள். மேலே அவளுடைய விலகல் கடிதம் இருந்தது.