பச்சைக் கோட்டில் ஒரு துடிப்பு

...ஆனால் பாகூருக்குக் கடலூர் ரோடுதானே நேர்வழி, வில்லியனூர் பக்கம் ஏன் திருப்புகிறான் அரிகரன், அரியாங்குப்பம் பாலம் தாண்டினால் சீக்கிரம் போய்விடலாமே... ஓ. அந்தப் பாலம். கணவன் தமிழ்க்குமரனின் பைக்கை லாரி அடித்த இடம். அதைத் தாண்டினால் அவனைக் கிடத்தியிருந்த ஆஸ்பத்திரி வேறு. கொழுந்தன் ஸ்டியரிங்கை ஒடித்துவிட்டான். கல்பனா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்தில் மாமியார் விருத்தாம்பாள், மடியில் அந்த விருது, பித்தளை ராக்கெட், அடியில் கல்பனாவின் பெயர். "இன்னாத்துக்குடா இப்டி சுத்திக்கினு போறே?" "அந்தாண்ட டிராபிக்மா." "ஆமா, இவுரு பெரிய டிராபிக் போலீசு." அத்தைக்கு நிஜமாகவே புரியவில்லையா, இல்லை, புரிந்ததால்தான் கிண்டலா? காலையில் அவள்தான் இவள் நெற்றியில் பொட்டு வைத்துவிட்டாள், எவளாச்சும் எதுனா சொல்லட்டும், நா பாத்துக்கறேன் என்று. அந்த விரல் பட்ட இடம் இன்னும் சுடுகிறது. அத்தைக்கு எல்லாம் தெரிந்திருந்தால் அந்த விரல் வந்திருக்குமா?

கரும்பு லாரி ஒன்று முன்னால் ஆடி ஆடிப் போகிறது, முந்த முடியவில்லை, நல்லது, மெதுவாகவே போகட்டும். பாகூரில் மேடை போட்டிருக்கிறார்கள், சால்வை, மைக், நம்மூர் மருமகள் ராக்கெட்டையே நிறுத்தினவள் என்று முழங்குவார்கள். நிறுத்தினவள்... "எனக்கு ஒண்ணு புரியலம்மா," அத்தை விருதைத் தட்டினாள், "ராக்கெட் வுட்டா அவார்டு குடுப்பாங்க, சரி. நிறுத்துனதுக்குக் கூடவா குடுப்பாங்க?" முன்சீட்டில் அரிகரன் சிரித்தான். எப்படிச் சொல்வது? கட்டுப்பாட்டு அறைத் திரையில் எரிபொருள் வால்வின் அழுத்தக் கோடு பச்சையாகத்தான் ஓடியது, அளவுக்கு உள்ளேதான், ஆனால் நடுவில் ஒரு துடிப்பு, கண் சிமிட்டினால் தப்பிவிடும். அது வெறும் சென்சார் கோளாறு, விடுங்கள் மேடம் என்றார்கள். இவள் விடவில்லை, ஹோல்டு என்றாள். கவுண்ட்டவுன் நின்றது. அந்த அறையின் வழக்கம் அப்படி, ஏவுவதற்கு முன் மேஜை மேஜையாகக் கேட்பார்கள், சம்மதமா, சம்மதமா, கடைசி மேஜையில் நேற்றுச் சேர்ந்த பெண் மாட்டேன் என்றாலும் ராக்கெட் நிற்கும். "சின்னதா ஒரு துடிப்பு அத்தை, எனக்குச் சரியாப் படல. நிறுத்தச் சொன்னேன்." "நீ சொன்னது கரெக்டுன்னு எப்டித் தெரிஞ்சுது?" "கழட்டிப் பாத்தாங்க. உள்ளே முடி கனத்துக்கு விரிசல்."

கழட்டிப் பார்த்தார்கள். அங்கே. எல்லோரும் கைதட்டினார்கள், அடுத்த மாதம் அதே ராக்கெட் போயிற்று, ஹோல்டு என்றால் அவ்வளவுதான், நின்று, பார்த்து, மறுபடி கிளம்பலாம். அந்தக் கைதட்டல் காதில் இருக்கும்போதே பாலத்தில் லாரி... ஐ.சி.யு. திரையிலும் பச்சைக் கோடு, மஞ்சள் கோடு, இவளுக்குப் பழகிய நிறங்கள். எல்லாக் கோடுகளும் ஒரே பக்கம் சரிந்துகொண்டிருந்தன. இனிமே முன்னேற்றம் கஷ்டம், மூச்சு மிஷினை எடுக்கறதா வேண்டாமான்னு குடும்பம்தான் சொல்லணும் என்றார் டாக்டர். அரிகரன் அழுதுகொண்டே சொன்னான், "நீங்க சொல்லுங்க அண்ணி, திரையைப் பாத்துப் படிக்கறவங்க நீங்க, எங்களுக்கு இன்னா தெரியும்?" இவள் சொன்னாள். போதும் என்றாள். அத்தைக்குத் தானாகப் போய்விட்டான் என்றுதான் தெரியும். சரியாகத்தான் சொன்னாளா? யார் கழட்டிப் பார்த்தார்கள்? சாம்பலைக் கடலில் கரைத்தாயிற்று. இன்று மேடை ஏறுவதற்குள் சொல்லிவிட வேண்டும், சொல்லாமல் அந்தச் சால்வையை எப்படிப் போட்டுக்கொள்வது, "அத்தை..." ஜன்னலிலிருந்து திரும்பினாள். "அத்தை, அன்னிக்கு ஆஸ்பத்திரில மிஷினை எடுக்கச் சொன்னது..." "தெரியும்மா," என்றாள் விருத்தாம்பாள், ரோட்டைப் பார்த்தபடி, "நர்சம்மா அன்னிக்கே சொல்லிச்சு."

தெரியுமா. தெரிந்துமா இந்தப் பொட்டு? கண் எரிந்தது, கரும்பு லாரி ஒதுங்கி வழி விட்டது, அரிகரன் முந்தினான், தூரத்தில் ஸ்பீக்கர் சத்தம், பாகூர் வந்துவிட்டது, மார்பிலிருந்து ஏதோ இறங்கியது போல... "ஒன்னியக் கொற சொல்லலம்மா," அத்தை குரலைத் தாழ்த்தினாள், "நீ சொன்னது சரியாத்தான் இருக்கும். மிஷின எடுக்கறதுக்கு முந்தின நாளு சாயங்காலம் நா கையப் புடிச்சிக்கினு குந்தியிருந்தேன், அவன் வெரலு இப்டி ஆடுனாப்ல இருந்துது." விருதின் மேல் ஒரு விரலை லேசாக ஆட்டிக் காட்டினாள். "நீ மிஷினைப் பாத்துக்கினு இருந்தே. ஒனக்குத் தெரியாததான்னு நா வாயத் தொறக்கல." சும்மா நரம்பு, அது அப்படித்தான் ஆடும், எதற்கும் அர்த்தமில்லை என்று டாக்டர் சொல்லியிருப்பார்... சொல்லியிருப்பாரா? விடுங்கள் மேடம் என்று சொன்னவர்களும் அப்படித்தானே சொன்னார்கள்? போதும் என்று சொன்னபோது வெளியே பெஞ்சில் அத்தை உட்கார்ந்திருந்தாளே, கதவைத் திறந்தால் நாலடி, இவள் ஏன் கேட்கவில்லை, சம்மதமா என்று ஒரு வார்த்தை? கார் நின்றது. "அண்ணி, எறங்குங்க, மைக்ல ஒங்க பேரைத்தான் சொல்றாங்க." கல்பனா இறங்கவில்லை. பித்தளை ராக்கெட்டின் மேல் கிடந்த அத்தையின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்... எப்படி ஆடியது, இன்னொரு தரம் காட்டுங்கள் என்று கேட்கலாமா?