செவலை விரட்டிய ஏரோப்பிளேன்

"எம்மாடு கத்துன கத்துல ஆகாசத்துல போற ஏரோப்பிளேனே பின்னங்கால் பிடரியில பட ஓடிருச்சுங்கய்யா!"

எழுபத்து மூணாம் வருசம். ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் சுருளியம்மாள் இதைச் சொன்னதும், அங்கே எழுந்த சிரிப்பில் மலையை மூடியிருந்த மஞ்சு ஒரு பனைமரம் உயரத்துக்கு மேலே ஏறிப் போனது.

தோட்டத்து உதவி மேனேஜரான சின்ன துரை மட்டும் சிரிக்கவில்லை. ஏழாம் நம்பர் காட்டில் தேயிலைச் செடிகள் இரண்டு வரியாகத் தலை சிதைந்து கிடந்தன. சுருளியம்மாளின் செவலைப் பசு போன மாதமே ஒருமுறை தேயிலைக்குள் புகுந்து பிடிபட்டது. இன்னொரு முறை புகுந்தால் கம்பத்துச் சந்தைக்கு இறக்கிவிட வேண்டியதுதான் என்று அன்றைக்கே சொல்லியிருந்தார்கள்.

"மாடு தேயிலை திங்குமாங்கய்யா?" என்றாள் சுருளியம்மாள்.

"திங்காது, மிதிக்கும்," என்றார் கங்காணி பழனிச்சாமி. "போகையில ஒரு வரி, வரையில ஒரு வரி. நேத்து மத்தியானம் பூராம் நான் அந்தக் காட்டுலதான் நின்னேன். ஒரு ஈ கூடப் பறக்கலங்கய்யா."

பழனிச்சாமி கூடையைத் தூக்கிப் பார்த்தே கொழுந்தின் எடை சொல்லுகிற மனுசன். யாராவது ஒரு வார்த்தை கூட்டிப் பேசினால் அவருக்கு உடம்பெல்லாம் அரிக்கும். அவர் பேச்சுக்கு மறுபேச்சு ஏது?

செவலை நிறைசினை. புருசன் போன பிறகு, லயத்து வீட்டில் சுருளியம்மாள் விடுகிற கதைக்கெல்லாம் தலையாட்ட அது ஒன்றுதான் மிச்சம். அதை விற்றுவிட்டு அவள் யாரிடம் போய்ப் புளுகுவாள்?

நேற்று மத்தியானம் மற்றவர்கள் எடை போட இறங்கிப் போன நேரம். காட்டோரப் பாதையில் முளையடித்துக் கட்டியிருந்த செவலையை அவிழ்க்கக் குனிந்தாள். மஞ்சு பால்போல இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பாலுக்குள்ளிருந்து, சத்தமே இல்லாமல், வெள்ளையாக ஒன்று மிதந்து வந்தது. மட்டமாக வெட்டிவிட்ட தேயிலையைப் புல்தரை என்று நினைத்துவிட்டான் ஓட்டியவன். மெத்தையில் உட்காருகிறவன் மாதிரி மெல்ல இறங்கினான். சக்கரம் பட்டதும் செடியெல்லாம் நறநறவென்று முறிந்தது. கண்ணாடிக்குள்ளே அவன் முழி பிதுங்கியது. செவலை தலையைத் தூக்கி "அம்மா" என்றது. தூங்கிய எஞ்சின் அலறி எழுந்தது. ஒரு துள்ளல். அவ்வளவுதான், மஞ்சு அதை விழுங்கிவிட்டது. கிள்ளின கொழுந்து ஒன்று மட்டும் காற்றில் சுற்றிச் சுற்றி வந்து மாட்டின் முதுகில் உட்கார்ந்தது.

"சரி, எப்படி இருந்துச்சு உங்க ஏரோப்பிளேன்?" என்றார் சின்ன துரை.

உள்ளதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். உள்ளது அவளுக்கே சப்பென்று இருந்தது.

"நாலு றெக்கைங்கய்யா. தேர் கணக்கா அசைஞ்சு வந்துச்சு."

கங்காணியின் உதடு துடித்ததை அவள் பார்த்துவிட்டாள். நேற்று நிழல் மரத்தடியில் ஒரு கறுப்புக் குடை விரிந்து கிடந்ததும், அதற்கடியில் இரண்டு கால்கள் நீண்டிருந்ததும் சட்டென்று ஞாபகம் வந்தது. அவளுக்குக் குஷி பிறந்துவிட்டது.

"ஓட்டுனது வெள்ளக்காரரு. தாடி முழங்கால் வரைக்கும்!"

கங்காணி குடையால் தரையைக் குத்தினார்.

"மூக்குல மூணு விசிறி. உடம்பெல்லாம் கிளிப்பச்சை. உள்ள ஒரு பொம்பள தோசை சுட்டுக்கிட்டு..."

"ஏ, நிறுத்து தாயி!" பழனிச்சாமி வெடித்தார். "ஒரே விசிறி! றெக்கை ரெண்டு! கிளிப்பச்சையாம்ல, வெள்ளையில செவப்புக் கோடு! தாடியுமில்ல ஒரு மண்ணுமில்ல, நம்மாளு, அரும்பு மீசை! தோசையாம் தோசை!"

சின்ன துரை மெதுவாகத் திரும்பினார்.

"ஒரு ஈ கூடப் பறக்கலைன்னீங்க?"

கங்காணி குடைக்கம்பியைத் தடவினார். "செத்த கண்ணசந்துட்டேங்கய்யா. நறநறன்னு கேட்டு முழிச்சா, கண்ணாடிக்குள்ள ஒருத்தன் முழிக்கிறான், அடுத்த நொடி வயித்தைக் காட்டிக்கிட்டு எம் மூஞ்சிக்கு மேல போகுது. கனவுன்னு நெனச்சேன். கனவைப் போயி உங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

"மாடு?"

"கட்டுன இடத்துலதான் நின்னுச்சு."

சுருளியம்மாள் விடவில்லை. "கங்காணியய்யா, அது கத்துச்சா இல்லையா? அதையும் சொல்லிப்புடுங்க."

பழனிச்சாமி பெருமூச்சு விட்டார்.

"கத்துச்சு தாயி. கத்தின பெறகுதான் அது ஓடுச்சு."