துரை சொன்ன ஒரே சொல்

எங்கள் மகனுக்கு வீட்டில் துரை என்று பெயர். எத்தனை முறை கூப்பிட்டாலும் அவருக்கு மனம் இருந்தால்தான் திரும்பிப் பார்ப்பார். ஏழு வயதாகியும் பேச்சு வரவில்லை. வந்தது ஒரே ஒரு சொல், அம்மா. அதை வைத்துக்கொண்டுதான் என் மனைவி இத்தனை வருடம் ஓட்டினாள். "உங்கள எப்பவாச்சும் அப்பான்னு கூப்பிட்டிருக்கானா?" என்று என்னிடம் பீற்றிக்கொள்வாள். எனக்குப் பொறாமைதான், மறைப்பானேன்.

நான் லிஃப்ட் மெக்கானிக். படிப்புக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். இவள் இந்த வயதில் சிறப்புக் கல்விப் பட்டப்படிப்பில் சேர்ந்தபோது, "வீட்டுல ஒரு துரை போதாதா, டீச்சர் வேறயா?" என்று கிண்டல் செய்தேன். அவள் சட்டை செய்யவில்லை. அடுப்பு மேடையில் புத்தகத்தைச் சாய்த்து வைத்து, வெங்காயம் நறுக்கிக்கொண்டே படித்தாள். துரைக்காகத்தான் அத்தனையும்.

இரண்டாம் வருடம் ஒரு நாள், கல்லூரியிலிருந்து வந்தவள் தோள்பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னாச்சு?"

"மேடம் இன்னிக்கு ஒண்ணு சொன்னாங்க. பேசாத பிள்ளைக்கு ஒரு வார்த்தை வந்துட்டா உடனே குதிக்காதீங்க. அது யாரைப் பாத்து வருது, எதுக்காக வருதுன்னு முதல்ல பாருங்கன்னு."

"சரி, அதுக்கென்ன இப்ப?"

"நான் இவனுக்கு அம்மா எப்படிங்க சொல்லிக் குடுத்தேன்?"

எல்லாத் தாய்மாரும் செய்கிறபடிதான். பிஸ்கட்டை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அம்மா சொல்லு, தரேன். அம்மா சொல்லு, தரேன்." மாதக்கணக்கில் சொன்னாள். ஒரு நாள் அவனும் சொன்னான், இவளும் கொடுத்தாள். அன்றைக்கு எங்கள் சொந்தக்காரர் ஒருவர் பாக்கியில்லாமல் போன் போட்டுச் சொன்னாள்.

இப்போது அவள் பிஸ்கட் பாக்கெட்டை என் கையில் திணித்துவிட்டு, வெறுங்கையோடு வாசற்கதவருகே போய் நின்றாள். துரை வந்தான். அவளைத் தாண்டி நேராக என்னிடம் வந்தான். பாக்கெட்டைப் பார்த்து, மணி மாதிரி, "அம்மா" என்றான்.

நான் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"இன்னொரு தடவ," என்றாள். பாக்கெட்டை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, இருவரும் அறைக்குள் போய்க் கதவிடுக்கு வழியாகப் பார்த்தோம். துரை ஃபிரிட்ஜ் முன்னால் நின்று அண்ணாந்து, "அம்மா" என்றான்.

நான் கதவைச் சாத்திவிட்டு அவள் பக்கம் திரும்பினேன். "நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு? யாரு கேட்டா இந்தப் பரீட்சைய? எதை நெனச்சுச் சொன்னா என்ன, அம்மான்னுதானே சொல்றான். இருந்துட்டுப் போகட்டும், விடேன்!"

"நாளைக்கு ஸ்கூல்ல தண்ணி வேணும்னாலும் அம்மாம்பான். அம்மாவத் தேடுறான் பாவம்னு தட்டிக்குடுத்து உக்கார வச்சிடுவாங்க. பிள்ளை நாக்கு வறண்டு கெடப்பான். பரவாயில்லையா?"

ஃபிரிட்ஜ் மேலிருந்த பாக்கெட்டை எடுத்து அவளிடமே கொடுத்தேன்.

அவளே திட்டம் போட்டாள். புதுச் சொல் 'தா'. அதைச் சொன்னால் கேட்டது கிடைக்கும். அம்மா என்றால் ஒன்றும் கிடையாது. "நீங்களும் திரும்பிப் பாக்கக் கூடாது. பாதியில மனசு எளகிக் குடுத்துட்டா அவ்வளவுதான், அப்புறம் அவன மாத்தவே முடியாது," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தாள். துரை அம்மா என்றான். அவள் மெதுவாக, "தா," என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தாள். அவன் உரக்கச் சொன்னான். பழைய சொல்லை விடுவதற்கு முன்னால் பிடிவாதம் அதிகமாகத்தான் செய்யும் என்று மேடம் எச்சரித்திருந்தாராம். தரையில் விழுந்து காலை உதைத்துக்கொண்டு, "அம்மா! அம்மா! அம்மா!" என்று கதறினான். ஒரு பிள்ளை ஆயுசு முழுக்கக் கூப்பிடவேண்டியதை அன்று ஒரே காலையில் கூப்பிட்டுத் தீர்த்தான். அவள் உள்ளங்கையில் பிஸ்கட்டோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் மோவாயிலிருந்து சொட்டியது. துடைக்கவில்லை. துடைத்தால் அதையும் அவன் பதில் என்று எடுத்துக்கொள்வானாம். என்னால் பார்க்க முடியவில்லை. மொட்டைமாடிக்கு ஓடிவிட்டேன். அங்கேயும் கேட்டது.

சத்தம் நின்ற பிறகு இறங்கி வந்தேன். துரை தேம்பிக்கொண்டே, "தா" என்றான். அவள் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு தண்ணீருக்குத் தா, பந்துக்குத் தா, ஊஞ்சலுக்குத் தா. பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் புரிந்தது. கல்லூரியில் அவள் திட்டத்துக்குத்தான் முதல் மதிப்பெண். மேடம் எழுந்து நின்று கைதட்டினாராம். அம்மா மட்டும் அடியோடு நின்றுபோனது. இனி பிஸ்கட் இல்லாமல், தன்னைக் கூப்பிடுவதற்காகவே அந்தச் சொல்லைக் கற்றுக்கொடுத்துவிடலாம் என்று நினைத்தாள். தினமும் தன் போட்டோவைக் காட்டி, "யாரு இது? அம்மா," என்பாள். துரை போட்டோவின் பளபளப்பைத் தடவிப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவான்.

நேற்று சமையலறையில் அலமாரிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். சுத்தியல் கட்டைவிரலில் இறங்கிவிட்டது. உயிர் போகிற வலி. "அம்மா!" என்று அலறிவிட்டேன்.

அவள் குளியலறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். குழாய்ச் சத்தத்தில் குரல் யாருடையது என்று தெரிந்திருக்காது, சொல் மட்டும் கேட்டிருக்கிறது. சோப்பு நுரை வழிகிற கையோடு ஓடிவந்தாள். என்னிடம் இல்லை. கூடத்தில் டப்பா மூடியைச் சுழற்றிக்கொண்டிருந்த துரையின் முன்னால் போய் மண்டியிட்டாள்.

"சொல்லு கண்ணா. இன்னொரு தடவ சொல்லு. அம்மா வந்துட்டேன் பாரு."

துரை மூடி சுழல்வதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்துத்தான் நிமிர்ந்து, சமையலறை வாசலில் விரலைப் பிடித்தபடி நின்ற என்னைப் பார்த்தாள்.

"நீங்களா?" என்றாள்.

நான் விரலை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.